வெறுமையைப் பூச்சியம் ஆக்காதீர்கள்



மண்டைதீவில் படிப்பிக்கிற நாங்கள் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறோம்.

தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை மூன்று பாடம் எழுதினாள்: 72, 68, 76. நாலாம் நாள் காய்ச்சல், வரவில்லை. எக்ஸெலில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினோம். திரும்பி வந்த அறிக்கையில் 0. சராசரி 72 இல்லை, 54. "என்ன ரீச்சர், பிள்ளை வெறுந்தாளே குடுத்தவள்?" என்று தாய் வந்து நிற்கிறா.

கேட்டால், "கொம்பியூட்டர் அப்படித்தான் போடும்" என்கிறார்கள். போடச் சொல்லி எழுதினால்தான் அது போடும்!

கோப்பில் எல்லாம் எழுத்தாகத்தான் போகிறது. தரவுத்தளம் அதை எண்ணாகவோ திகதியாகவோ மாற்றும் இடத்தில்தான் கூத்து. எஸ்கியூஎல் சேர்வரில் வெற்று எழுத்தை முழு எண்ணாக மாற்றினால் 0. திகதியாக மாற்றினால் 1900 ஜனவரி 1. தசம எண் என்றால் மட்டும் பிழை காட்டி நிற்கும். ஒரே வெறுமைக்கு மூன்று நீதி. 'ட்ரை காஸ்ட்' காப்பாற்றும் என்று நம்புகிறவர்களே, முழு எண்ணுக்கு அதுவும் 0 தான் தரும். பழைய மைஎஸ்கியூஎல் ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு 0 எழுதிவிடும், 5.7 இலிருந்துதான் இயல்பாக மறுக்கிறது. போஸ்ட்கிரஸ் முகத்துக்கு நேரே மறுக்கும். மரியாதை என்றால் அது. ஒரக்கிள் வெற்று எழுத்தையே 'நல்', அதாவது மதிப்பு இல்லாதது, என்று எடுக்கும். அதிலும் குறை உண்டு: "இனிஷல் இல்லை" என்றவரும் பதிலே சொல்லாதவரும் அங்கே ஒன்றுதான்.

புள்ளியை விடுங்கள், திருத்தலாம். பாதுகாவலரின் பிறந்த திகதிக்கு என்ன செய்வது? 1990 இல் இந்தத் தீவை விட்டு ஓடிய குடும்பங்களும், அதே வருஷம் ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட எங்கட ஆக்களும் பத்திரங்களைக் கட்டிக்கொண்டா போனார்கள்? திகதி தெரியாது என்று வெறுமையாக விட்ட ஒரு அம்மம்மா, பட்டியலில் 1900 இல் பிறந்திருக்கிறா. வெறுமையாகவே விட்டிருந்தால் யாராவது போய்க் கேட்டிருப்பார்கள். திகதி ஒன்று இருப்பதால் இனி ஒருவரும் கேட்கப் போவதில்லை.

திருத்தம் ஒரு வரி. இடைவெளிகளை வெட்டி, மிஞ்சியது வெறுமை என்றால் 'நல்லிஃப்' கட்டளையால் நல் ஆக்கி, பிறகு மாற்றுங்கள். சராசரிக் கட்டளை நல்லை எண்ணாமல் விட்டுவிடும். 72 தானாக வரும்.

அடுத்த தவணைக்குள் அந்த வரியை எழுதுங்கோ. அதுவரைக்கும் நாங்கள் அந்தக் கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுத்தில்தான் எழுதப் போகிறோம். உங்கள் மென்பொருள் பிழை காட்டி நிற்கட்டும்.