கையில் இருப்பவனுக்கே பணமா?

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற முறை உண்டு. அன்று எவருடைய முறையோ, அவருக்கே அந்த நீர். வேறொருவர் அங்கே வலை போட முடியாது, ஊரே காவல்.

அதே மீனவருக்கு இறால் வியாபாரி பேரர் செக் கொடுத்தால் கதை தலைகீழ். செக்கில் அவர் பெயர்தான் இருக்கும். ஆனால் அடுத்தாற்போல் 'அல்லது கொண்டு வருபவருக்கு' என்று அச்சிட்டிருக்கும். படகில் தவறவிட்டாலும், தரகன் வாங்கி வைத்துக்கொண்டாலும், நீட்டுகிறவன் கையில் பாங்கி பணத்தை எண்ணிவிடும். நல்லெண்ணத்தோடு, கவனக்குறைவின்றிக் கொடுத்திருந்தால் பாங்கியின் பொறுப்பு தீர்ந்தது என்கிறது 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். வெள்ளையர் காலத்தில், வியாபாரிகளின் பணம் தடையின்றிக் கைமாறுவதற்காக எழுந்த சட்டம் அது!

பேரர் செக்குக்குக் கணக்கு வேண்டாம், உடனே ரொக்கம் என்பார்கள். உண்மைதான். அப்படியானால் அதை ரொக்கமாகவே காக்க வேண்டும். தொலைந்தால், எழுதியவரைக் கொண்டு உடனே பாங்கியில் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அதே சட்டத்தில் நமக்கும் ஓர் ஆயுதம் உண்டு. செக்கின் முகப்பில் குறுக்காக இரண்டு கோடுகள் போட்டால் கவுண்டரில் ரொக்கம் கிடையாது. பாங்கிக் கணக்கின் மூலமே பணம் வரும். கோடில்லாத செக்கைப் பெற்றவரே கோடு போடலாம். எழுதும்போதே 'கொண்டு வருபவருக்கு' என்பதை அடிக்கச் சொல்வது அதைவிட நல்லது.

மில் தொழிலாளிக்கும் வயல் கூலிக்கும் இதுவே பாடம். முன்பணம் கொடுத்தவனிடம் தனியாள் கேட்கக் கூசுவான். பாட்டைக் காப்பதுபோல் ஊரே சேர்ந்து கேட்கட்டும். பேனா தானாக நகரும்!