15 வருஷம் போனதே தெரியலை!

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் கையெழுத்துப் போடும் தாள்களில் ‘கம்யூட்டேஷன்’ என்று ஒன்று உண்டு. மாத ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். 60 வயதில் ஓய்வு பெறுபவர் மாதம் 4,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால், சுமார் 3 லட்சத்து 93 ஆயிரம் ரூபாய் கைக்கு வரும். விட்டுக்கொடுத்த 4,000 ரூபாய், 15 வருஷம் கழித்து மறுபடியும் ஓய்வூதியத்தோடு சேர்ந்துவிடும்.

கையெழுத்துப் போடும் அன்று அந்த 15 வருஷத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், வீட்டுக் கடன் பாக்கி என்று அந்தப் பணத்துக்குச் செலவு காத்திருக்கும். “15 வருஷம் கழிச்சுத்தானே? அப்போ யார் இருக்காங்களோ, இல்லையோ!” என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

2010-ல் அப்படிச் சிரித்தவர்களுக்கு 2025-ல் கெடு முடிந்துவிட்டது. ஒரு மாதம் பாஸ்புக்கில் தொகை கூடி வந்திருக்கும். சந்தோஷம் வருவதற்கு முன்பே வருவது திகைப்பு. ‘அதுக்குள்ள 15 வருஷமா?’ ஓய்வு பெற்ற வருஷம் பிறந்த பேத்தி இப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அந்த 15 வருஷம் ஒரு முழு வாழ்க்கை. தாத்தாவுக்கோ நேற்றுப் போட்ட மாலையின் வாசம் இன்னும் போகவில்லை.

இரண்டு பேருக்கும் காலண்டர் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பால் ஜானே என்ற பிரெஞ்சு தத்துவ அறிஞர் 1877-லேயே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். 10 வயதுக் குழந்தைக்கு ஒரு வருஷம் என்பது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. 60 வயதுக்காரருக்கு அறுபதில் ஒரு பங்கு. அதனால்தான் வயது ஏற ஏற வருஷம் சிறுத்துப்போகிறது என்றார் அவர்.

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் இதே விஷயத்தை வேறு மாதிரிப் பார்த்தார். சின்ன வயதில் பார்ப்பதெல்லாம் புதுசு, அதனால் மனசில் நிறையத் தங்குகிறது. வயதானபின் நாட்கள் பழக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றைப்போலவே இன்னொன்று இருப்பதால் நினைவில் நிற்பதில்லை. திரும்பிப் பார்க்கும்போது அந்த வருஷங்கள் சுருங்கித் தெரிகின்றன என்பது அவர் விளக்கம்.

ஓய்வு பெற்றவர்களின் வீட்டில் இதை அப்படியே பார்க்கலாம். வேலையில் இருந்தவரை இடமாற்றம், பதவி உயர்வு, ஆடிட், பிள்ளைகளின் பரீட்சை என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓர் அடையாளம் இருந்தது. “அது மதுரையில இருந்தப்போ” என்று சொன்னாலே வருஷம் நினைவுக்கு வந்துவிடும். ஓய்வுக்குப் பிறகு காபி, பேப்பர், நடை, சாப்பாடு, தூக்கம், சீரியல். எந்த வருஷம் என்ன நடந்தது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அலுவலக ரீதியாக மிஞ்சுவது ஒன்றே ஒன்று: நவம்பர் மாதம் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று.

“என்னங்க, நவம்பர் பொறந்துடுச்சு. லைஃப் சர்டிபிகேட் கொடுக்கணும்ல?”

“இப்பத்தானே கொடுத்துட்டு வந்தோம்?”

எத்தனையோ வீடுகளில் வருஷாவருஷம் நடக்கும் பேச்சு இது. இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால், இதே வேகத்தில் கைநழுவிப் போகிற வேறொன்றும் அந்த வீடுகளில் உண்டு. ‘ரிட்டையர் ஆனதும் போகலாம்’ என்று தள்ளிவைத்த காசிப் பயணம். முதல் வருஷம் பேரன் பிறந்தான், ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ ஆயிற்று. அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒருவழியாக எல்லாம் ஒழிந்து, “இப்போ போகலாமா?” என்று அவர் கேட்கும்போது, மனைவிக்கு மூட்டுவலி. காசிப் படித்துறைகளின் படிகளை நினைத்தாலே, “நீங்க வேணா போயிட்டு வாங்க” என்கிறார்.

அவர் காத்திருந்தது கணவரின் ஓய்வுக்காக. அவருடைய அடுப்படிக்கு ஓய்வு வயதே இல்லை என்பதை அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. முன்பு மதியத்துக்கு டப்பா கட்டிக் கொடுத்தால் முடிந்தது. இப்போது வீட்டிலேயே இருப்பவருக்கு 11 மணிக்கு இரண்டாவது காபியும், மதியம் சூடாகச் சாப்பாடும், 4 மணிக்கு டிபனும். அவர் ஓய்வு பெற்றதால் அவருக்குக் கிடைத்த 15 வருஷத்தில், இவருக்கு வேலைதான் கூடியது.

ஓய்வு பெற்ற முதல் ஐந்தாறு வருஷங்கள்தான் இருவருக்குமே கால் ஒத்துழைக்கும் காலம். கையில் பணம் வந்ததும் வட்டி எங்கே அதிகம் என்று பார்க்கும் அக்கறை, அந்த வருஷங்கள் மேலும் வேண்டும். காசிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வருஷத்துக்கு ஒரு புது ஊர் போதும். ஒருவர் சமையல் கற்றுக்கொள்ளலாம், வாரத்தில் இரண்டு நாள் அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். மனைவி அந்த நேரத்தில் பாட்டு வகுப்புக்கோ, தோழி வீட்டுக்கோ போய் வரலாம். ‘அது நான் சாம்பாரைத் தீய வச்ச வருஷம்’ என்று சொல்லவாவது ஓர் அடையாளம் கிடைக்கும்.

கம்யூட்டேஷன் தொகை திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு தேதியும் இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 வயதானால் அடிப்படைத் தொகை 20 சதவீதம் கூடும். 75-ல் நிற்பவருக்கு அதற்கு இன்னும் ஐந்து வருஷம். அதாவது ஐந்து நவம்பர்கள். மனைவியால் படி ஏற முடியாவிட்டால், படி இல்லாத ஊராகப் பார்த்து முதல் நவம்பருக்குள் டிக்கெட் போட்டுவிடலாம்.