கண்ணிமைக்குப் பத்துக் கலர்



அர்பன் டிகே கம்பெனி 2014இல் விட்ட 'எலக்ட்ரிக்' பெட்டியைப் பேத்தி போனில் காட்டினாள். பத்து நிறம். 'கேயாஸ்' நீலம் சொட்டு நீலத்தையே தோற்கடிக்கும்! அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் விற்ற பெட்டியில், சில நிறங்கள் கண்ணையொட்டிப் பூசுவதற்கல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணருகே எந்தச் சாயம் சேர்க்கலாம் என்று அங்கே தனிப் பட்டியல் உண்டு; பளிச்சென்ற ரோஸ், ஊதா தரும் சாயங்கள் பல அதில் இல்லை. (கெமிஸ்ட்ரி வாத்தியார் வேறென்ன பார்ப்பேன்!) பெட்டிக்குப் பெயரும் ஐ ஷேடோ இல்லை, 'பிரஸ்டு பிக்மென்ட்'. பிறகு எதற்கு உள்ளே கண்ணாடியும் பிரஷ்ஷும்?

பிள்ளைகளே, பூசுங்கள், யார் வேண்டாம் என்றது? வாங்குமுன் பெட்டியின் பின்பக்கத்தை முழுதும் படியுங்கள். எழுத்து தெரியாவிட்டால் என் லென்ஸைத் தருகிறேன்.