வரி பாக்கி வீடுகள்

குறைந்த விலையில் ஒரு வீடு வாங்க வழியுண்டா என்று வினவும் அன்பர்கள், வரி செலுத்தாமையால் ஏலத்துக்கு வரும் சொத்துக்களைப் பற்றி எழுதுமாறு நம்மைக் கேட்டிருக்கின்றனர். பிறர் இடரில் ஆதாயம் தேடுவதா என்று முகம் சுளிப்போரும் நம்மிடையே உண்டு. ஆயினும் இது இந்நாட்டுக்குப் புதிய வாணிகம் அன்று. 1793-இல் கார்ன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் நிலவரியை நிரந்தரமாக வரையறுத்த பின், குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் கிஸ்தி செலுத்தப்படாத ஜமீன் ஏலத்துக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே பழைய குடும்பங்கள் பல நிலமிழந்தன. ஏலத்தில் எடுத்தவர்களுள் கல்கத்தா வணிகர் உண்டு. அந்த ஜமீன்களிலேயே கணக்கெழுதிய உத்தியோகஸ்தரும் உண்டு. எந்தச் சொத்து எப்போது விழும் என்பது கணக்குப் பிள்ளைக்குத்தானே முதலில் தெரியும்!

இன்று அந்த இரகசியம் இல்லை. மாநகராட்சிகள் சில, பெரும் பாக்கிதாரர் பட்டியலைத் தாமே வெளியிடுகின்றன. ஜப்தி, ஏல அறிவிப்புக்கள் நாளிதழ்களில் வருகின்றன. எனினும், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கிகள் ஏலம் விடும் வீடுகளே நம் கண்ணில் மிகுதியாகப் படும். வங்கித் தவணையைக் கட்ட இயலாதவர் வீட்டு வரியை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இங்கே ஒரு வேற்றுமையை நன்கு உணர வேண்டும். தமிழ்நாட்டில் 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டத்தின்கீழ், ஒரு நிலம் தன் நிலவரி பாக்கிக்காகவே விற்கப்பட்டால், பழைய வில்லங்கங்கள் நீங்கி வாங்குவோர் கைக்கு வரும். விலையில் 15 சதம் உடனே கட்டவேண்டும். எஞ்சியது 30 நாளில். அதே 30 நாளுக்குள் பழைய உடையவர் பாக்கியையும், வாங்கியவருக்கென விலையில் 5 சதத்தையும் கட்டிவிட்டால் ஏலத்தை ரத்துச் செய்யக் கோரலாம். அதுவரை சுண்ணாம்பு அடிக்க ஆள் அமர்த்தாதிருப்பது நலம்.

வங்கி ஏலம் அத்தகையதன்று. ‘உள்ள இடத்தில், உள்ளபடி’ என்று விற்பனை அறிவிப்பிலேயே எழுதிவிடுவர். வீட்டு வரி பாக்கி வீட்டின்மேல் நிற்கும் பொறுப்பு. 1971-இல் அகமதாபாத் வழக்கொன்றில், பாக்கி உண்டென்று அறியாமல் நீதிமன்ற ஏலத்தில் வாங்கியவரை உச்ச நீதிமன்றம் காத்தது உண்மையே. ஆனால் ‘விசாரித்துக்கொள்வது வாங்குவோர் பொறுப்பு’ என்று அறிவிப்பு கூறும்போது, அறியேன் என்ற சொல் எவ்வளவு தூரம் செல்லும்? மின்கட்டண பாக்கியும் புதிய உடையவரைத் தொடரக்கூடும் என்று 2023-இல் அந்நீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது. நம்மவர் பெரிதும் நம்பும் வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்களே தெரியும். வீட்டு வரி பாக்கி தெரியாது. ஆதலின் வரி விதிப்பு எண்ணைக் கொண்டு நகராட்சி அலுவலகத்தில் கேட்டு, வரி, குடிநீர், மின்சாரம் மூன்றின் பாக்கியையும் ஏலத் தொகையோடு கூட்டிய பின்னரே விலை மலிவா என்று பார்க்கவேண்டும். கூட்டிப் பார்த்ததும் ஆசை தணிந்தவர் பலர்.

நிற்க. பம்பாயிலும் தில்லியிலும் பாக்கி வீடு தேடும் நாம், ஊரில் பூட்டிக் கிடக்கும் நம் வீட்டின் கணக்கை என்று பார்த்தோம்? பாட்டனார் பெயரிலேயே வரி ரசீது. பங்காளிகள் மூவர் மூன்று ஊரில். அவர் கட்டியிருப்பார் என்று இவரும், இவர் கட்டியிருப்பார் என்று அவரும். கேட்பு அறிவிப்பை வாங்க ஆளில்லையெனில் கதவில் ஒட்டிச் செல்வர். அதைப் படிப்பது மழையும் வெயிலுமே. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்து வரி அரையாண்டுக்கொரு முறை. ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய நாட்களுக்குள் அவ்வரையாண்டு வரியைக் கட்டுவோர்க்கு 5 சதம், 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், ஊக்கத்தொகை உண்டு. கட்டத் தவறின் மாதம் 1 சதம் வட்டி ஏறும். வரி விதிப்பு எண் கைவசம் இருந்தால் இணைய வழியே இங்கிருந்தே செலுத்திவிடலாம். எண் தெரியாதோர் பழைய ரசீதுகளைத் தேடுக. அதுவும் இல்லையேல், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பெயர் மாற்ற மனுவையும் உடன் கொண்டு செல்க.