சுதை என்னும் சொல்

சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணாக்கருக்கு மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். புகார் நகரத்து மனைகளிலே சுதையினாற் செய்த தேவர் முதலிய உருவங்களை மக்கள் நின்று கண்டமை அக்காதையிற் கூறப்படுகின்றது. 'சுதை என்பது யாது?' என வினவினோம். ஒருவன் 'அமுதம்' என்றான்; அகராதி பார்த்து வந்தவன் போலும். கடைசி வாங்கிலிருந்த மற்றொருவன் எழுந்து, 'சீமெந்துப் பொம்மை, ஐயா' என்றான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. பிறந்த நாள் முதல் அவன் கோபுரத்திற் கண்டது அதுவேயன்றோ?

முதல் மாணவன் கூறியதும் பிழையன்று. வடமொழியிலே அமுதத்துக்கும் சுண்ணச் சாந்துக்கும் சுதை என்பதே பெயர். இது வடசொல்லாதலின் இதனை விலக்கிச் 'சுண்ண வேலை' எனலாகாதோ எனத் தனித்தமிழ் அன்பர் சிலர் எம்மை வினவியதுண்டு. சுண்ணமும் சூர்ணம் என்பதன் வழி வந்ததே என்று நாம் கூறியதும் அவர் பேச்சை வேறிடத்துக்குத் திருப்பிவிடுவர். அச்சுண்ணத்தையே ஆங்கிலர் 'சுனாம்' எனத் தம் அகராதியிற் சேர்த்துக்கொண்டனர். சென்னையிற் பளிங்குபோல மெருகேற்றிய சுவர்களைக் கண்டு வியந்தும் எழுதினர். அவர் நம் சொல்லைக் கொண்டு செல்ல, நாமோ 'ஸ்டக்கோ' என்னும் இத்தாலியச் சொல்லை ஆங்கிலத்தின் வழியாகக் கடன்வாங்கிச் சஞ்சிகைகளில் எழுதிவருகின்றோம்.

திவாகர நிகண்டு சிற்பத்திற்குரிய பொருள்கள் பத்தென வகுத்து, கல், மரம், மெழுகு முதலியவற்றோடு சுதையையும் வேறாக வைத்து எண்ணுகின்றது. காரணமின்றி வகுத்த வகுப்பன்று இது. கல்லிலே சிற்பி வேண்டாததைக் கழிக்கின்றான். சுதையிலே வேண்டியதைக் கூட்டுகின்றான். செங்கல்லால் உட்கருவைக் கட்டி, அதன்மேற் சாந்தைப் படிப்படியாக அப்பி, ஈரம் புலருமுன் கரண்டியாலும் விரலாலும் கண்ணும் மூக்கும் அணிகலனும் எடுக்கின்றான். பெருங்கோபுரங்களின் அடிப்பகுதி கருங்கல்லாகவும் மேனிலைகள் பாரங்குறைந்த செங்கல்லும் சுதையுமாகவும் அமைந்திருத்தல் யாவரும் அறிந்ததே. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரமுடையது. அதில் நிறைந்துள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட உருவங்களும் சுதையே. திருவரங்கத்து மூலமூர்த்தியும் சுதைத் திருமேனியே. ஆதலின் மூலவருக்கு அங்கே நீராட்டில்லை, தைலக்காப்பே உண்டு. நம் நாட்டிலோ பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டிற் செங்கல்லாற் கட்டப்பெற்ற இலங்காதிலகத்தின் புறச்சுவர்களில் மாடமாளிகைகளும், திவங்க படிமமனையில் பூதங்களும் சிங்கங்களும் சுதையிலே இன்றுங் காணப்படுகின்றன. நம்மவர் சுற்றுலாச் சென்றால் சிவதேவாலயத்தை வணங்கியதும் பஸ்வண்டிக்கு விரைகின்றனர். இவற்றை நின்று பார்ப்பார் அரியர்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மீதே கிடக்கின்றது. அக்கல்லையும் முருகைக்கல்லையும் சிப்பியையும் நம் முன்னோர் சூளையிலிட்டு நீற்றினர். நீற்றிய சுண்ணாம்பை நீரிற் பலநாள் ஊறவைத்து, மணல் சேர்த்து, கடுக்காய் நீரும் வெல்லமும் விட்டு அரைத்துக் குழைப்பது பழைய முறை. பூசிய சாந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொண்டு மெல்லமெல்ல மீண்டும் சுண்ணக்கல்லாகின்றது. கல்லைச் சுட்டு மாவாக்கி, மாவைத் தெய்வ வடிவாக்கி, அவ்வடிவத்தைக் காற்றே திரும்பவும் கல்லாக்கும் இவ்வித்தையை எமக்கு விளக்கியவர் எம்முடன் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர். அதனைக் கேட்ட நாள்முதல் கோபுரத்தை நாம் பார்க்கும் பார்வையே வேறாயிற்று.

சீமெந்தின் இயல்பு வேறு. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே யோசேப்பு அஸ்ப்டின் என்பவர் உரிமைப்பத்திரம் பெற்ற அப்பொருளை நாம் பழிக்கவில்லை. பாலத்துக்கும் நீர்த்தொட்டிக்கும் அது நன்று. பழஞ் செங்கல்லின்மேற் பூசும்போதுதான் கேடு விளைகின்றது. சுண்ணச் சாந்தின் வழியாகச் சுவரின் ஈரம் வெளியேறும். சீமெந்து அதனை உள்ளே அடைத்துவைக்கும். ஈரத்தோடு உப்பும் தங்கிச் செங்கல்லைப் பொடியாக்க, மேற்பூச்சு உருவத்தோடு பாளமாகப் பெயர்ந்து விழும். அதன்மேல் எனாமல் வர்ணமும் தீட்டிவிட்டால் ஈரம் வெளியேறும் வழி இன்னும் அடைபடும்.

இதனைப் பிறரைக் குறைகூறுதற்காக எழுதவில்லை. எம்மூர்க் கோயிலொன்றின் திருப்பணிச் சபையிலே நாமும் ஓர் அங்கத்தவராக இருந்தோம். கும்பாபிஷேகத்துக்குமுன் பழைய உருவங்களைச் சுத்தியலாற் றட்டி இறக்கிய நாளில் நாமும் அருகே நின்றோம். துவாரபாலகர் ஒருவரின் பாதி முகம் மண்ணிற் கிடந்தது. காதின் பின்புறத்திலே அதனைச் செய்தவனின் பெருவிரற் பதிவு தெளிவாக இருந்தது. அதனைக் கையிலெடுத்துப் பார்த்தோம், மீண்டும் வைத்துவிட்டோம். பெரியவர்கள் தீர்மானித்த காரியம் என்று வாய்திறக்கவில்லை. அவ்விடத்தில் அமைந்த சீமெந்துத் துவாரபாலகரின் தோளிலே இன்று விரலளவு வெடிப்பு.

நம் பழைய மாணவரிற் பலர் எந்திரிகளாகவும், ஒப்பந்தகாரராகவும், திருப்பணிச் சபைத் தலைவர்களாகவும் விளங்குகின்றனர். அவர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. கேள்விப்பத்திரத்தில் 'பூச்சு வேலை' என எழுதினாற் சீமெந்தே வந்துசேரும். 'சுதை வேலை, சுண்ணச் சாந்தினாற் செய்தல் வேண்டும்' என எழுதுங்கள். சொல் பத்திரத்தில் ஏறினால், அத்தொழில் அறிந்தவனைத் தேடவேண்டிய கடமையும் உடன்வரும். செலவு மிகும், நாளும் மிகும் என்பதை மறுக்கவில்லை. முழுக்கோபுரத்துக்கும் இயலாதெனின், பழுதுறாத பழைய உருவங்களையாயினும் தொடாது விடலாம். ஒன்றும் செய்யாதிருத்தற்குச் செலவில்லை.

நீற்றுச் சாந்து குழைத்து உருவெடுக்கத் தெரிந்த முதிய மேசன்மார் எவரேனும் உங்கள் ஊரில் இருப்பாராயின், கல்லூரி முகவரிக்கு ஒருவரி எழுதியனுப்புங்கள். வரும் தவணையில் அக்கடைசி வாங்கு மாணவனையும் அவன் தோழரையும் அவரிடம் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.