பன்னிரண்டில் ஒன்று எங்கே போனது?



இந்த வார போட்காஸ்ட்டில் ஸ்பிரெட்ஷீட் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், மைக்குக்கு முன்னால் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மாவுக்கு ஐந்து பரப்புக் காணி இருக்கிறது. பரப்புக் கணக்குத் தெரியாதவர்களுக்கு: ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே எங்களுடையது 50 பேர்ச். அம்மம்மாவுக்கு நாலு பிள்ளைகள். ஆளுக்குக் கால் பங்கு. என் அம்மாவும் சின்ன மாமாவும் இருக்கிறார்கள். பெரிய மாமா இல்லை, அவருடைய பங்கு மூன்று பிள்ளைகளுக்கு. பெரியம்மாவும் இல்லை, அவவுடைய பங்கு இரண்டு பிள்ளைகளுக்கு. லண்டன், பாரிஸ், டொராண்டோ என்று சிதறிப்போன குடும்பத்தில் ஊரில் மிஞ்சியிருப்பது பெரிய மாமாவின் மூத்த மகன் மட்டும்தான். எனக்கு மச்சான், வயதில் மூத்தவர். அந்தக் காணிக்கு வேலி அடைத்ததும், கிணறு இறைத்ததும், வரி கட்டியதும் அவர்தான்.

காணியை விற்பது என்று பேச்சு வந்தது. உடனே வாட்ஸ்அப் குழுவில் தீர்மானம்: "நீதானே கொம்பியூட்டர் ஆள், ஒரு ஷீட் போட்டு எல்லாருக்கும் அனுப்பு."

போட்டேன். எல்லாரையும் அவரவர் பங்கை நிரப்பச் சொன்னேன். லண்டன் மச்சாள் தன் வரியில் 1/12 என்று தட்டினா. ஷீட் அதைத் திகதியாக மாற்றிவிட்டது! "இஞ்ச என்ன ஜனவரி 12 எண்டு நிக்குது, நான் என்ன பிறந்தநாளோ கேட்டனான்?" என்று குரல் பதிவு வந்தது. இது புதிய வியாதி இல்லை. எக்செல் மார்ச்1 என்ற மரபணுப் பெயரைத் திகதியாக்கிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட விஞ்ஞானத்தைத் திருத்துவது சுகமாகிப்போன காலம் இது.

நானும் அதே வேலையைத்தான் செய்தேன். கலத்தின் அமைப்பை மாற்றப் பஞ்சிப்பட்டு, "எல்லாரும் டெசிமலில் போடுங்கோ, ரெண்டு தானம் காணும்" என்று எழுதினேன். பன்னிரண்டில் ஒன்று 0.08 ஆனது. எட்டில் ஒன்று, அதாவது 0.125, 0.13 ஆனது. கூட்டிப் பார்த்தேன். மூன்று 0.08, இரண்டு 0.13, இரண்டு 0.25. மொத்தம் சரியாக 1.00. பச்சை நிறம் போட்டு, "கணக்குச் சரி" என்று அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ஊரிலிருந்து மச்சான் எடுத்தார். கோபம் இல்லை. ஒரே ஒரு கேள்வி.

"மச்சான், எங்கட அப்பாவின்ர பங்கு பன்னிரண்டரைப் பேர்ச். நீ அனுப்பினதில நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்து பன்னிரண்டுதான். மற்ற அரைப் பேர்ச் ஆருக்கு?"

ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பெரிய மாமாவின் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து நூற்றில் ஒரு பங்கை இழந்திருந்தார்கள். பெரியம்மாவின் பிள்ளைகள் இருவருக்கும் அதே நூற்றில் ஒன்று கூடிப்போயிருந்தது. ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் ஏறியதால் மொத்தம் 1.00 என்று நின்றது. அரைப் பேர்ச் என்றால் 136 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு சின்ன அறை. கேட்காமல், கையெழுத்து இல்லாமல், நான் ஒரு வீட்டின் அறையைக் கழற்றி அடுத்த வீட்டில் பொருத்தியிருக்கிறேன்.

பிறகு அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "உறுதியில பன்னிரண்டில் ஒண்டு எண்டுதான் எழுதுவினம். பூச்சியம் தசம் பூச்சியம் எட்டு எண்டு எழுதின உறுதியை நான் காணேல்லை."

என் கருத்து இதுதான். தசமத்தில் எழுதுவது தவறு இல்லை. ஆனால் பின்னத்தைத் தசமமாக்கி வெட்டும்போது ஒரு மிச்சம் வரும். அந்த மிச்சம் யாரிடமிருந்து போகிறது, யாரிடம் சேருகிறது என்பது ஒரு முடிவு. அதை நாங்கள் "ரவுண்டிங்" என்று செல்லப்பெயர் வைத்து முடிவே இல்லாததுபோல் விட்டுவிடுகிறோம்.

இந்தத் தொழிலில் இருக்கிற எங்களுக்கு இது தெரியாத விஷயமா? 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்று காட்டும் பகிடியை முதல் வருடத்திலேயே படித்துவிடுகிறோம். பத்தில் ஒன்றை இரண்டின் அடுக்குகளாக முழுமையாக எழுத முடியாது, எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும். அந்தப் பகிடி எப்போதும் பகிடியாக முடிவதில்லை. 1991 பெப்ரவரி 25ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு ஒன்று, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைப் பிடிக்கத் தவறியது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றோ 24 பிட்டில் வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கண்ணுக்குத் தெரியாத மிச்சம். நூறு மணித்தியாலம் நிறுத்தாமல் ஓடியதில் அது சுமார் 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. அவ்வளவு நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் போய்விடும். 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள்.

கனடாவிலேயே ஒரு கதை இருக்கிறது. வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் 1,000 புள்ளியில் ஒரு சுட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பிறகும் புதிதாகக் கணக்கிட்டு, மூன்றாம் தசம தானத்துக்குப் பின்னால் வந்ததை வெட்டி எறிந்தார்கள். சந்தை நன்றாக இருந்தும் 1983 நவம்பரில் சுட்டெண் 520களில் கிடந்தது. திருத்திக் கணக்கிட்டபோது 1,098ஐத் தாண்டியது. பாதி எண் தூளாகப் பறந்திருக்கிறது. களவு எடுத்தவர் யாரும் இல்லை. எப்போதும் ஒரே பக்கம் வெட்டும் ஒரு வரி நிரல் மட்டும்தான்.

என் கதையில் இன்னொரு சங்கடம். எட்டில் ஒன்றை இரண்டு தானத்துக்கு ரவுண்ட் செய்யச் சொன்னால் எக்செல் 0.13 தரும், பைதான் 0.12 தரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை ஒன்று மேலே தள்ளும், மற்றது இரட்டை இலக்கத்தின் பக்கம் தள்ளும். நான் பைதானில் போட்டிருந்தால் மொத்தம் 0.98 என்று வந்திருக்கும், பிழையும் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். கூட்டுத்தொகை சரியாக வந்ததுதான் எனக்கு வினையாகிவிட்டது.

கணினிக்கு வெளியே வேலை செய்கிறவர்கள் மிச்சத்தை இப்படி மறப்பதில்லை. டொராண்டோவில் வீடு திருத்தும் வேலை செய்கிற என் நண்பர் ஒருவர் இருக்கிறார். கனடா மெட்ரிக் நாடுதான், ஆனால் பலகையும் அளவு நாடாவும் இன்னும் அங்குலத்தில்தான், பதினாறில் ஒன்று வரைக்கும் கோடு போட்டு. எட்டடிப் பலகையை மூன்று சமதுண்டாக வெட்டச் சொன்னால், 96ஐ மூன்றால் வகுத்து 32 அங்குலம் என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார். வாள் ஒவ்வொரு வெட்டுக்கும் எட்டில் ஒரு அங்குலத்தைத் தூளாக்கும். இரண்டு வெட்டுக்குக் கால் அங்குலம். 32 என்று குறித்து வெட்டினால் கடைசித் துண்டு கட்டையாக வரும். "தூளையும் கணக்கில சேர்க்கவேணும் அண்ணை" என்பார். எங்கள் தொழிலில் தூளுக்கு ஒரு கலம் கிடையாது.

ரவுண்ட் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2013 பெப்ரவரி 4ஆம் திகதியிலிருந்து கனடா ஒரு சத நாணயத்தை விநியோகிப்பதை நிறுத்தியது. காசாகக் கொடுத்தால் கடைசி மொத்தம் ஐந்து சதத்துக்கு ரவுண்ட் ஆகும்: ஒன்று இரண்டு என்றால் கீழே, மூன்று நாலு என்றால் மேலே. கார்டில் கட்டினால் சதம் சதமாக அப்படியே. அதில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஒரு தடவை மட்டும், கடைசியில் மட்டும், விதியை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. நான் ஷீட்டில் செய்தது தலைகீழ். தொடக்கத்திலேயே வெட்டினேன், ஒருவருக்கும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் யாராவது "தமிழில் முந்திரி வரைக்கும் பின்னத்துக்குப் பெயர் இருக்கு, நாங்கள் எப்பவோ கண்டுபிடிச்சிட்டம்" என்று எழுதப் போகிறீர்கள், தெரியும். உண்மைதான். அரைக்கால், மாகாணி, காணி, 320இல் ஒன்றான முந்திரி எல்லாம் இருக்கின்றன. 2019இல் யூனிகோட் 12 அவற்றின் குறியீடுகளையும் சேர்த்துக்கொண்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் 320ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். மிச்சம் வரும். பன்னிரண்டில் ஒன்றை முந்திரியாலும் முழுதாக அளக்க முடியாது. கணினிக்குப் பத்தில் ஒன்று எப்படியோ, முந்திரிக்கு மூன்றில் ஒன்று அப்படி. எந்த அலகை எடுத்தாலும் அதற்குள் அடங்காத ஒருவர் இருப்பார். அவரைக் கவனிக்கிற பொறுப்பை எந்த எண்முறையும் எங்களுக்காக எடுத்துக்கொள்ளாது.

பிறகு எப்படித் தீர்த்தேன்? ஏழாம் வகுப்புக் கணக்கு. 4, 8, 12 மூன்றுக்கும் பொது மடங்குகளுள் சிறியது 24. காணியை 24 பங்கு என்று எடுத்தேன். அம்மாவுக்கு ஆறு, சின்ன மாமாவுக்கு ஆறு, பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு மூன்று மூன்று, பெரிய மாமாவின் பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு. எல்லாம் முழு எண். புள்ளியும் இல்லை, வெட்டும் இல்லை. காசை டொலரில் வைக்காமல் சதத்தில் முழு எண்ணாக வைக்கவேண்டும் என்று வேலையிடத்தில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். சொந்தக் குடும்பத்துக்கு அதைச் செய்ய ஒரு தொலைபேசி அழைப்பு தேவைப்பட்டது. (யாருக்குச் சட்டப்படி எவ்வளவு என்பதை நொத்தாரிசும் சட்டத்தரணியும்தான் சொல்லவேண்டும். நான் சொல்வது கூட்டல் கணக்கு மட்டும்.)

ஆகவே நிரல் எழுதுகிறவர்களுக்கு: பங்கு பிரிக்கிற எந்த மென்பொருளிலும் பின்னத்தை முடிந்தவரை பின்னமாகவே வையுங்கள். பைதானில் அதற்கென்றே ஒரு தொகுதி 2008இல் இருந்து இருக்கிறது. கடைசியில் வெட்டவேண்டி வந்தால், மிச்சம் யாருக்கு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஷீட் போடுகிறவர்களுக்கு: 1/12 என்று தட்டாமல் முன்னால் சமன் குறி போட்டு =1/12 என்று தட்டுங்கள், திகதியாகாது. இரண்டு தானம் மட்டும் காட்டச் சொன்னாலும் உள்ளே முழு எண் பத்திரமாக இருக்கும். மொத்தம் சரியா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு கிளையின் மொத்தத்தையும் தனியாகப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை பின்னக் கணக்கோடு முழிக்கும்போது "கல்குலேட்டரில போட்டு டெசிமலாக்கு" என்று சொல்லிவிடுகிறோம். நானும் என் மகளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டில் ஒன்று என்றால், இன்னும் பதினொரு பங்கு இருக்கிறது என்ற செய்தி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 0.08இல் அது இல்லை. மற்றவர்களையும் நினைக்கவைக்கிற எண் பின்னம். அதைப் பிள்ளைகளிடமிருந்து அவசரமாகப் பறிக்காதீர்கள்.

புதிய ஷீட்டை அனுப்பிய அன்று மச்சானிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி: "கிணத்தை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு உன்ர கொம்பியூட்டரிட்டக் கேள்."

இன்னும் பதில் எழுதவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு அரைப் பேர்ச் காணாமல்போன கதை இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். அடுத்த கிழமை சந்திப்போம்.