காவல் நிலையத்தின் வாசற்படி

பிழைப்பைத் தேடி நகரத்திற்கு வந்த நாம், ஆபத்து நேரிடும்போதும் காவல் நிலையத்தின் படியேறத் தயங்குகிறோமே, அது ஏன்?

2005 செப்டம்பர் 27 அன்று திருவனந்தபுரம் ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவிலிருந்த உதயகுமார் என்னும் இளைஞர், தம்மிடமிருந்த சுமார் 4,000 ரூபாயைக் குறித்த சந்தேகத்தால் கோட்டைக் காவல் நிலையத்திற்குக் கொண்டுபோகப்பட்டார். அன்றிரவே மரித்துப்போனார். எளியவரான தாய் பிரபாவதி அம்மாள் சோர்ந்துபோகாமல் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு சிபிஐ வசமாயிற்று. 2018 ஜூலையில் காவலர் இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டிலோ, கேரள உயர் நீதிமன்றம் விசாரணையின் குறைகளைச் சுட்டிக்காட்டி அவர்களை விடுவித்தது. 20 ஆண்டுகள் காத்திருந்த தாய்க்கு அந்நாளில் மிஞ்சியது வெறுமையே.

2008இல் கேரளக் காவல்துறை ‘ஜனமைத்ரி’ திட்டத்தைத் தொடங்கி, காவலர்களை வீடுவீடாக அனுப்பியது. நல்ல முயற்சிதான். ஆயினும், நம் வீட்டு வாசலில் காவலர் காட்டும் புன்னகையினால் மட்டும் நம்பிக்கை வேரூன்றாது. கேட்பாரற்ற ஒருவன் நிலையத்திற்குள் எவ்விதம் நடத்தப்படுகிறான், தவறு நேர்ந்தால் துறை உண்மையைச் சொல்லுகிறதா என்பவற்றாலேயே அது வேரூன்றும்.

கைதானவரை 24 மணி நேரத்திற்குள், பயண நேரம் நீங்கலாக, நீதிபதிமுன் நிறுத்தவேண்டும், உறவினருக்கு அறிவிக்கவேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சியின் கையொப்பம் வேண்டும். இவற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நேர்மையாய் உதவும் காவலருக்கு நன்றி சொல்லவும் தவறாதிருங்கள்.